முருக்கமரத் துறைமுகம்

மரத்தின் பெயரால் அமைந்த ஊர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆலங்காடும் பனையூரும் புளியங்குடியும் நமக்குப் பழகிய பெயர்கள். ஆயினும், சீனத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள பெருந்துறைமுகம் ஒன்று, நம் வீட்டு வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கையின் பெயரால் ஒரு காலத்தில் உலகெங்கும் அறியப்பட்டிருந்தது என்னும் செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. இன்று சுவான்சௌ என்று வழங்கும் அந்நகரம் பூஜியான் மாநிலத்தைச் சேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் நகரை விரிவாக்கியவர்கள் மதிலைச் சுற்றி இம்மரத்தை வரிசை வரிசையாக நட்டார்களாம். சீனர் இதனைச் சித்தொங் என்பர். மரத்தின் பெயர் நகரத்தின் பெயராயிற்று. அராபிய மாலுமிகளின் நாவில் அது சைத்தூன் எனத் திரிந்தது. அரபு மொழியில் அச்சொல்லுக்கு ஒலிவம் என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டில் அங்கு வந்த இபன் பதூதா, ஊருக்குப் பெயர்தான் அப்படி, ஊரில் ஒலிவ மரமே இல்லை என்று எழுதி வைத்தார். மார்க்கோ போலோவும் இதே பெயரால்தான் இந்நகரைக் குறிக்கிறார்.

சங்கப் புலவர்கள் முருக்கு என்று பாடிய செம்மலர் மரமும் இதுவே. தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதனை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் சுமந்து வந்த ஆடவர் இரவெல்லாம் இருமிய வீடுகளில், இதன் இலையைப் பச்சரிசியோடு சேர்த்தரைத்து அடை சுட்டுக் கொடுப்பார்கள். நெஞ்சில் படிந்த கல்தூளை அடை கரைத்துவிடுமா என்று எவரும் கேட்டதில்லை. செய்யக்கூடியது அது ஒன்றே என்பதால் செய்தார்கள்.

2019ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், பணியின் பொருட்டுச் சியாமென் நகரில் தங்கியிருந்த என் மகனோடு சுவான்சௌ சென்றேன். விரைவு இரயிலில் ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பயணம். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டே சென்று பழகியவனுக்கு அந்த இருக்கையின் மென்மை ஓர் உறுத்தலாகவே இருந்தது. முருக்க மரங்கள் பூத்து ஓய்ந்துகொண்டிருந்தன. நகர மக்கள் இன்றும் அதனைத் தங்கள் ஊர்ப் பூவாகப் போற்றுகிறார்கள்.

பழைய நகரத்தின் உயிர் மேற்குத் தெருவில் இருக்கிறது. செங்கல் முகப்பும் வளைந்த ஓட்டுக் கூரையும் உடைய பழைய வீடுகள், அவற்றின் கீழே கடைகள், கடைகளுக்கு முன்னே தரைக்கடைகள். ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பது போலத் தோளோடு தோள் உரச நடக்க வேண்டும். நூலினும் மெல்லிய சேமியாவைக் கஞ்சியாகக் குழைத்து, எண்ணெயில் பொரித்த மாவுத் தண்டைத் துண்டு துண்டாக இட்டு உண்பது அவர்கள் காலை உணவு. மூங்கில் இலையில் பொதிந்து நாரால் கட்டி அவித்த ஒட்டரிசிப் பொட்டலங்கள் ஆவி பறக்க அடுக்கப்பட்டிருந்தன. சிப்பி மீனை மாவில் கலந்து தோசைக்கல்லில் ஊற்றி எடுக்கிறார்கள். அது நம் நாவுக்கு ஏற்றதுதான். கடற்சேற்றில் வாழும் ஒரு வகைப் புழுவை வேகவைத்து, அதன் சாறு குளிர்ந்து கட்டியாக உறைந்த பின் பூண்டுக் காடியில் தோய்த்துத் தரும் பண்டமும் உண்டு. அதனை என் மகன் உண்டான். நான் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

மொழி தெரியாத ஊரில் விலை கேட்பது எப்படி என்னும் அச்சம் சிறிது நேரத்தில் நீங்கியது. அவர்கள் ஒன்று முதல் பத்து வரையில் ஒரே கை விரல்களால் காட்டி விடுகிறார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் முறை எனக்கு நினைவு வந்தது. அவர்கள் மறைவில் செய்ததை இவர்கள் வெளிச்சத்தில் செய்கிறார்கள் என்பதே வேறுபாடு. பணம் கொடுக்கும் இடத்தில்தான் திகைத்தேன். கிழவி ஒருத்தி விற்ற கீரைக்கட்டுக்கும் கைபேசியால்தான் பணம் செலுத்தினார்கள். நம் இராபர்ட்சன்பேட்டைக் கடைகளும் சில ஆண்டுகளில் அந்த வழிக்கு வந்துவிட்டன.

தெருவில் என்னை நெடுநேரம் நிறுத்தியது ஊதுவத்திக் கடையொன்று. சந்தனமும் அகிலும் கலந்த மணம் தெருவையே நிறைத்திருந்தது. இந்நகரம் ஒரு காலத்தில் உலகத்து நறுமணப் பொருள்களை வாங்கிக் குவித்த நகரம். 1974ஆம் ஆண்டில் துறைமுகச் சேற்றிலிருந்து சோங் பேரரசுக் காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். எஞ்சிய அடிப்பகுதி மட்டுமே 24 மீட்டர் நீளம். உள்ளே பதின்மூன்று அறைகள். அவற்றில் இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட நறுமண மரக்கட்டைகளும் மிளகும் கிடைத்தன. கய்யுவான் கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் அதன் கரிய மரப்பலகைகளைக் கண்டேன். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் சென்றால் சைத்தூனுக்கு நூறு கப்பல் வரும் என்று மார்க்கோ போலோ எழுதியதை மிகையென்று தள்ளிவிட்டாலும், அந்தப் பலகைகளைத் தள்ளிவிட இயலவில்லை.

நகரின் கடற்கரைப் புறத்தே சுன்பு என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. வீட்டுச் சுவர்களைப் பெரிய சிப்பி ஓடுகளால் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் கூந்தலைப் பின்னால் கொண்டையாக முடிந்து, மொட்டுகளைக் கோத்து வளையங்களாக்கி, கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகச் சூடுகிறார்கள். எழுபது வயது மூதாட்டியும் சூடுகிறாள். மீன்கூடை சுமக்கும்போதும் சூடுகிறாள். அராபிய வணிகர்கள் மேலைநாட்டு மலர்ச்செடிகளைக் கொணர்ந்து பக்கத்தில் தோட்டம் வைத்தார்கள், அதிலிருந்து வந்த பழக்கம் இது என்பது அவ்வூர் மரபுச் செய்தி. தமிழ் வணிகர் கொடுத்ததாக ஏன் இருக்கக்கூடாது என்று என் மனம் துடித்தது. ஆனால் சான்றில்லாத இடத்தில் பெருமை பேசுவது நம் மலர்களிலும் மேடைகளிலும் மலிந்துவிட்ட ஒரு பழக்கம். சான்றுள்ள இடம் இதே நகரத்தில் வேறாக இருக்கும்போது, இல்லாத இடத்தில் தேட வேண்டிய தேவை என்ன?

அந்த இடம் கய்யுவான் கோயில். கி.பி. 686இல் தோன்றிய புத்தப் பெருங்கோயில் அது. நிலத்துக்கு உரியவரின் கனவில் துறவி ஒருவர் வந்து இடம் கேட்டார் என்றும், முசுக்கட்டை மரத்தில் வெண்தாமரை மலர்ந்தால் தருகிறேன் என்று அவர் சொல்ல அவ்வாறே மலர்ந்தது என்றும் தலபுராணம் சொல்லுவார்கள். தலபுராணம் இல்லாத கோயில் எந்நாட்டிலும் இல்லை போலும். அந்த முசுக்கட்டை மரம் இன்றும் தாங்குகோல்களின் துணையோடு தளிர் விட்டு நிற்கிறது. முற்றத்தின் இருபுறமும் வயது முதிர்ந்த ஆலமரங்கள். அவற்றின் நிழலில் முதியவர்கள் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்கள். கிழக்கிலும் மேற்கிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த இரு கற்கோபுரங்கள், ஒன்று 48 மீட்டர், மற்றொன்று 44 மீட்டர். மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு வீரன் உருவம் ஒன்று உண்டு; அதனை நம் அனுமனோடு தொடர்புபடுத்துவோரும் உளர்.

நடுவிலுள்ள பெருமண்டபத்துக்கு நூறு தூண் மண்டபம் என்று பெயர். எண்ணினால் நூறு வாராது. நம் ஆயிரங்கால் மண்டபங்களும் அப்படித்தானே. உள்ளே சிறகு விரித்த இருபத்து நான்கு வானவர் மகளிர் இசைக்கருவிகளோடு உத்தரங்களைத் தாங்குகிறார்கள். இவற்றையெல்லாம் கண்டு மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்துக்கு வந்தபோது என் கால்கள் நின்றுவிட்டன. பதினாறு பட்டைகள் கொண்ட இரு தூண்கள். வட்டங்களுக்குள் சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மம் இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறது. ஒன்றில் கண்ணன் மரத்தின்மேல் இருக்க, ஆடையிழந்த ஆய்ச்சியர் கீழே கைகூப்புகிறார்கள். இன்னொன்றில் மருத மரங்கள் இரண்டைச் சாய்க்கிறான். மற்றொன்றில் காளியன்மேல் நிற்கிறான். யானையைக் காக்கத் திருமால் விரைந்து வருகிறார். வழிகாட்டியும் விளக்கப் பலகையும் எனக்குத் தேவைப்படவில்லை. மார்கழி பசனை வீதிகளில் சிறுவனாகக் கேட்ட கதைகள் அனைத்தும் அங்கே கல்லில் இருந்தன.

முன்புற மேடையின் அடித்தளத்தில் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் எழுபதுக்கு மேற்பட்ட பலகைகளில் வரிசையாக உள்ளன. இவையும் அத்தூண்களும் இந்நகரிலிருந்த தமிழர் கோயில் ஒன்றிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டு, மிங் அரசர் காலத் திருப்பணியில் இங்கே பொருத்தப்பட்டவை என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். கல் உள்ளூர்க் கல். கருமை கலந்த பச்சை நிறம். என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலிருந்து ஒருமுறை எடுத்து வந்து சன்னலில் வைத்திருந்த பாறைத் துண்டும் ஏறத்தாழ அந்த நிறந்தான். செதுக்கிய உளியும் உள்ளூர்க் கற்றச்சருடையதே என்பர். அதனால்தான் சிற்பங்களுக்கிடையே சீனத்துப் பூக்கள் படர்ந்திருக்கின்றன. கதை நம்முடையது, கை அவர்களுடையது.

சிவநெறியார் கோயிலின் கற்கள் புத்தர் கோயிலைத் தாங்குவதைக் கண்டு வருந்தும் அன்பர்கள் இருக்கலாம். தங்கவயல்காரனாகிய எனக்கு அவ்வருத்தம் தோன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை நம் வயலில் விளைந்தது. ஒரே லைனில் மாரியம்மன் கோயிலும், மாதா கோயிலும், புத்தர் படம் மாட்டிய வீடும் அடுத்தடுத்து இருக்கக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தூண்களுக்கு முன்னால் ஒரு சீன மூதாட்டி புத்தரை நோக்கி வணங்கி எழுந்து, போகிற போக்கில் நரசிம்மத்தின் பாதத்தையும் தொட்டுவிட்டுச் சென்றாள்.

அக்கோயிலைக் கட்டியவர் யார்? 1956ஆம் ஆண்டில் இந்நகரில் தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அறிஞர் தி. நா. சுப்பிரமணியன் 1978இல் அதனை ஆராய்ந்து எழுதினார். சக ஆண்டு 1203 சித்திரைத் திங்களில், அதாவது 1281 ஏப்ரலில், தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பார், செகசைக் கானின் திருமேனி நன்றாக இருக்கும்பொருட்டு, அவனது பிர்மான்படி இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. செகசைக் கான் என்றது மங்கோலியப் பேரரசன் குப்ளாய்க் கானை என்பர். கீழே சீன எழுத்தில் ஒரு வரி. நான் சென்றதும் ஒரு சித்திரையில்தான் என்பது விடுதிக்குத் திரும்பிய பின்னரே தோன்றியது.

அந்தச் சில வரிகளில் எவ்வளவு அடங்கியிருக்கிறது! மங்கோலிய அரசன், பாரசீகச் சொல்லான பிர்மான், தமிழ் எழுத்து, சீன மண். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனம் சென்றதைச் சோங் அரசின் ஏடுகள் குறிக்கின்றன. அவை அரசர்கள் அரசர்களுக்கு விடுத்த தூது. சம்பந்தப் பெருமாளின் கல்லோ வேற்று மண்ணில் குடியிருந்தவர்களின் குரல். மன்னனின் உடல்நலத்துக்கு வேண்டிக்கொண்டு கட்டினால்தான் கோயில் நிலைக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கம்பெனி நிலத்தில், கம்பெனித் துரையின் ஒப்புதல் பெற்று, லைனுக்கு ஒரு கோயில் எழுப்பிய நம் பாட்டனார்களுக்கு இது புரியும்.

நிலைக்கவில்லை. 1357 முதல் 1366 வரை அந்நகரில் வெளிநாட்டுப் படையினரின் கலகம் நடந்தது. அதன் முடிவில் அயல்நாட்டார் பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் ஓடினர். அடுத்து வந்த மிங் அரசு மக்களின் கடல் வாணிகத்தைத் தடைசெய்தது. வாணிகம் போயிற்று, வணிகரும் போயினர். தமிழர் என்ன ஆனார்கள் என்று சொல்லும் கல் எதுவும் இல்லை. அவர்கள் கோயிற் கற்கள் மதிலுக்கும் பாலத்துக்கும் வீட்டுக்கும் போயின.

அவை மீண்டு வந்த கதையே என்னை மிகவும் ஈர்த்தது. இருபதாம் நூற்றாண்டில் பழைய மதிலை இடித்தபோது, உள்ளிருந்து சிலுவை பொறித்த கற்களும் அரபு எழுத்துக் கற்களும் இலிங்கமும் யானையும் செதுக்கிய கற்களும் வெளிப்பட்டன. வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். கல்லைக் கடைக்காலுக்குப் போடவிருந்தவர்களிடம் காசு கொடுத்து வாங்கியும் வந்தார். தாம் சேர்த்தவற்றைப் பின்னர் அரசுக்கே கொடுத்தார். 1957இல் அவை பற்றிய நூலையும் வெளியிட்டார். இன்று கடல்சார் அருங்காட்சியகத்தில் நாம் காணும் தொகுதிக்கு அவர் உழைப்பே அடிப்படை. அங்கே ஒரு பலகையில், மரத்தடி இலிங்கத்துக்கு யானை மலர் சாத்துகிறது. திருவானைக்காவின் கதை! ஆசிரியருக்கு அக்கதை தெரிந்திருக்கத் தேவையில்லை. தமக்குப் புரியாத எழுத்தும் உருவமும் உள்ள கல்லையும் அவர் எறிந்துவிடவில்லை.

1880 முதல் நம் வயலிலிருந்து எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளியே சென்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வெண்மணல் போன்ற சயனைடு மேடுகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றை அழிக்க யாராலும் முடியாது, ஆகவே அவற்றைப் பற்றிக் கவலை வேண்டா. நான் கவலைப்படுவது மற்றவற்றைப் பற்றி. லைன் கோயில்களில் நன்கொடையாளர் பெயர் எழுதிய பலகைகள் வெள்ளையடிப்பில் மறைகின்றன. இரவுப்பள்ளிப் பதிவேடுகளும், நாடக மன்ற அறிவிப்புத் தாள்களும், தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் பழைய தாள் கடைக்குப் போகின்றன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் எந்த ஆண்டில் எவர் வந்தார் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். பிள்ளைகள் விடியலில் பெங்களூர் வண்டி ஏறி இருட்டிய பின் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. என் மகனும் அவர்களில் ஒருவன்தான். அவன் தாத்தா பூமிக்குள் இறங்கினார். அவன் கடலைக் கடந்தான். நம் சங்க நூலகத்தின் ஓர் அலமாரியையேனும் இப்பலகைகளின் படங்களுக்கும் இத்தாள்களுக்கும் ஒதுக்கலாகாதா என்று செயற்குழுவினரை இம்மலர் வாயிலாகவே கேட்கிறேன். அலமாரியின் செலவை ஏற்க நான் அணியமாக இருக்கிறேன்.

புறப்படும் நாளில் நகருக்கு வெளியே சிதியன் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். தெருவோரத்தில் ஒரு சிறு கோயில்; நம் ஊர் எல்லைக் கோயிலைவிடப் பெரிதன்று. உள்ளே நான்கு கைகளோடு அமர்ந்த ஒரு பெண் தெய்வம், இருபுறமும் தோழியர் இருவர், காலடியில் மிதிபட்ட அசுரன். நம் கற்சிற்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரார் அவளைக் குவான்யின் என்று வணங்குகிறார்கள். குவான்யின் என்பது அவலோகிதரின் சீனப் பெயர். அகத்தியருக்குத் தமிழ் சொன்னவர் அவலோகிதர் என்று வீரசோழியம் கூறுவதை நினைத்துக்கொண்டேன். அங்கே ஊழியம் செய்த மூதாட்டி, நான் எங்கிருந்து வருகிறேன் என்று என் மகனிடம் கேட்டாள். இந்தியா என்றான். அவள் தலையசைத்தாள்; அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று ஊதுவத்திகளைக் கொளுத்தி என்னிடம் தந்து, எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை முறை குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் அவள் சொன்னபடியே செய்தேன்.